நண்பரின் திடீர் மறைவு: சாவு வீட்டிலும் அதற்குப் பிறகும்

உறவினர் இறந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் முன்பே முடிவான விஷயம். மகன் கொள்ளி வைக்கிறார், தாய்மாமன் வீட்டார் கோடி கொண்டுவருகிறார்கள், பங்காளிகள் தீட்டுக் காக்கிறார்கள். இந்த வரிசையில் நண்பருக்கென்று ஓர் இடம் கிடையாது. ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவரும், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரே சூளைக்கு முன் வேலை பார்த்தவரும் பந்தலின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். மறுநாள் அவர்கள் வேலைக்குப் போயாக வேண்டும். அவர்கள் வீட்டுக்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை.

சமூகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இவ்வகைத் துக்கத்தை அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஆஸ்திரேலியாவில் 26,515 பேரின் பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நெருங்கிய நண்பரை இழந்தவர்களின் உடல்நலமும் மனநலமும் பிறரோடு பழகும் நாட்டமும் நான்கு ஆண்டுகள் வரை பாதிக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. நட்பின் துக்கம் இரண்டாம் தரமானது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை.

சடங்கில் நண்பருக்கு இடம் குறைவாக இருந்தாலும் வேலையில் நிறைய இடம் உண்டு. குடும்பத்தார் நிலைகுலைந்து நிற்கும் நேரத்தில் அலைய வேண்டிய அலைச்சலை ஏற்பதும், பதினாறாம் நாளுக்குப் பிறகு எல்லோரும் கலைந்துபோன வீட்டுக்குத் தொடர்ந்து போவதும் நண்பருக்கே உரிய பங்கு. அதைச் செய்யும்போது அவருடைய துக்கத்துக்கும் ஒரு வடிவம் கிடைக்கிறது.

செய்தி வந்ததும்

திடீர் மரணச் செய்தி பெரும்பாலும் தொலைபேசியில், அரைகுறையாக வருகிறது. முதலில் அதைக் குடும்பத்துக்கு நெருங்கிய ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘ஆபத்தான நிலை’ என்பதும் ‘இறந்துவிட்டார்’ என்பதும் பேச்சில் எளிதாக இடம் மாறிவிடும். மனைவிக்கோ கணவருக்கோ பெற்றோருக்கோ செய்தி போய்ச் சேரும் முன் வாட்ஸ்அப் குழுவிலோ ஸ்டேட்டஸிலோ படம் போடக் கூடாது. பெற்ற தாய் மகனின் சாவை ஊராரின் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரவே கூடாது.

கேட்டு அறிய வேண்டியவை நான்கு: உடல் எங்கே இருக்கிறது, வீட்டுக்கு எப்போது வரும், எப்போது எடுக்கிறார்கள், அடக்கமா தகனமா. இவற்றைத் தெரிந்துகொண்டு மற்ற நண்பர்களுக்கு ஒருவரே சொல்வது நல்லது. பத்துப் பேர் தனித்தனியாகச் சாவு வீட்டுக்குப் போன் செய்தால், அழுதுகொண்டிருப்பவர் பத்து முறை எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதிர்ச்சியில் இருப்பவர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. கை நடுக்கம், கவனச் சிதறல், தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தால் இரவுச் சாலை ஆபத்தானது. வேறொருவர் ஓட்டும் வண்டியிலோ பேருந்திலோ போவதே முறை.

மருத்துவமனையும் காவல் நிலையமும்

விபத்து, மின்சாரம் தாக்குதல், பாம்புக்கடி, தற்கொலை, காரணம் தெரியாத மரணம் ஆகியவற்றில் காவல் துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்த பிறகே உடல் கிடைக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 194ஆம் பிரிவு இதற்குரியது. இந்த வட்டாரத்தில் அடிபட்டவரை முதலில் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். நிலைமை மோசமானால் சிதம்பரம், கடலூர் அல்லது புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்புவார்கள். ஆகவே உடல் இருக்கும் ஊரும் விபத்து நடந்த ஊரும் வேறாக இருக்கலாம். சம்பவம் நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து எழுதி முடிக்கும் வரை பிணவறை வாசலில் காத்திருக்க நேரும்.

அந்தக் காத்திருப்பில்தான் நண்பர்கள் பெரிதும் பயன்படுவார்கள். நெருங்கிய உறவினர் ஒருவரோடு கூட இருந்து, இறந்தவரின் ஆதார் நகலை எடுத்து வைத்து, எழுதப்படும் பெயர், தந்தை பெயர், வயது, முகவரி ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கே ஓர் எழுத்து மாறினால் காப்பீட்டுத் தொகை, வாரிசுச் சான்றிதழ் வரை அந்தப் பிழை தொடரும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை எப்போது, எங்கே கிடைக்கும் என்றும் கேட்டு வைக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையிலிருந்து உடலை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுபோகத் தமிழ்நாட்டில் இலவச அமரர் ஊர்தி உண்டு. அதற்கான எண் 155377. பணம் கேட்டு நெருக்கும் தனியார் வண்டிக்காரர்களிடம் பேசும் முன் இந்த எண்ணை அழைத்துப் பார்க்கலாம்.

கண் தானம் செய்ய வேண்டும் என்று இறந்தவர் சொல்லியிருந்தால் அதைக் குடும்பத்தாரிடம் மென்மையாக ஒரு முறை எடுத்துச் சொல்லலாம். கருவிழியை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வைக்க வேண்டும். முடிவு குடும்பத்தாருடையது; மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது.

சாவு வீட்டில்

வெளிர்நிற, எளிய உடை போதும். கைப்பேசியை ஒலியடக்கி, செருப்பைப் பந்தலுக்கு வெளியே விட வேண்டும். மாலையை ஐஸ் பெட்டியின் மேல் அல்லது காலடியில் வைத்துக் கும்பிட்டு, சற்று நேரம் முகத்தைப் பார்த்துவிட்டு நகர வேண்டும். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழும் பெண்களுக்கு வழி விட்டு நிற்பது மரியாதை. விபத்தில் முகம் சிதைந்திருந்தால் பார்க்காமல் இருப்பதில் குற்றமில்லை. பார்க்க விரும்புபவர், எப்படி இருக்கிறது என்பதை முன்பே பார்த்தவரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வெளியே பெஞ்சிலும் நாற்காலியிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் போய்க் கையைப் பற்றுவது அல்லது கும்பிடுவது வழக்கம். அங்கே யாரும் ‘வாங்க’ என்று வரவேற்பதில்லை. கிளம்புகிறவரும் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்வதில்லை. தலையசைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவதே முறை.

என்ன பேசுவது என்ற தயக்கம் பலருக்கு உண்டு. ‘என்னால நம்பவே முடியல அம்மா’, ‘நாங்க இருக்கோம் தங்கச்சி’ போன்ற ஒரு வரி போதும். ‘எல்லாம் விதி’, ‘நல்லவங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிடும்’, ‘அழாதீங்க’ ஆகியவை ஆறுதலாக இருப்பதில்லை. ‘எப்படி நடந்தது?’ என்று மனைவியிடமோ தாயிடமோ கேட்கக் கூடாது. ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க அவர்கள் அந்தக் கணத்துக்கே திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறார்கள். ‘ஹெல்மெட் போட்டிருந்தா’, ‘நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா’ என்ற பேச்சைப் பந்தலில் எடுக்கவே கூடாது.

ஒப்பாரியும் மாரடிப்பும் துக்கத்தை வெளியே கொண்டுவரும் பழைய வழிகள். வயதான பெண்கள் ஒப்பாரியில் இறந்தவரின் நண்பர்களையும் பேர் சொல்லி அழைத்து அழுவதுண்டு. அப்படி அழைக்கப்படுபவர் அழுதால் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆண்களும் அங்கே அழலாம்.

உடலை எடுக்கும் வரை வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து காபியும், குழந்தைகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இட்லியும் வரச் செய்வது நண்பர்கள் கவனிக்க வேண்டிய வேலை. இறந்தவரின் தாய் மாத்திரை போட்டாரா என்று ஒருவர் கேட்டாலே பெரிய உதவி. பந்தல், நாற்காலி, தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, மயானத்தில் குழி அல்லது விறகு, மேளக்காரர், பூ, வெளியூரிலிருந்து வருபவரை அழைத்து வர வண்டி என்று வேலைகளைத் தாளில் எழுதி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இராது. ஆனால் எதையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பதானால் படத்தைக் குடும்பத்தாரிடம் காட்டிச் சம்மதம் பெற வேண்டும். பெயரும் தேதியும் பிழையின்றி இருக்க வேண்டும். வைப்பவர்களின் படங்கள் இறந்தவரின் படத்தைவிடப் பெரிதாக இருப்பது அழகன்று. கையில் உள்ள பணம் குறைவு என்றால் பேனரை விட்டுவிட்டு அதைக் குடும்பத்திடம் கொடுப்பதே சிறந்தது.

ஊர்வலமும் மயானமும்

குளிப்பாட்டுதல், கோடி போடுதல், வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் ஆகியவை உறவுமுறைப்படி நடப்பவை. குடும்பத்தார் அழைத்தால் நண்பர் வாய்க்கரிசி போடலாம். அழைக்காவிட்டால் கேட்டு வாங்கக் கூடாது. பாடை கட்டவும் தோள் கொடுக்கவும் பல ஊர்களில் நண்பர்களை விடுகிறார்கள். தோள் கொடுப்பவர்கள் ஏறக்குறைய ஒரே உயரமாக இருந்து, வழியில் மாற்றிக்கொள்ள ஆள் பக்கத்தில் நடக்க வேண்டும்.

இளைஞரின் சாவு ஊர்வலத்தில் குடித்துவிட்டு ஆடுவதும், இருசக்கர வண்டிகளை முறுக்கிக்கொண்டு முன்னால் போவதும், கூட்டத்துக்குள் வெடி போடுவதும் பழக்கமாகி வருகின்றன. ஒரு சாவு இன்னொரு சாவுக்குக் காரணமாகிவிடும் வாய்ப்பு இவற்றில் உண்டு. நண்பர்களில் மூத்தவர் ஒருவர் இதைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். பறை முழங்கட்டும், பூ இறையட்டும், மது வேண்டாம்.

மயானத்தின் எல்லையில் அரிச்சந்திரனுக்குச் சடங்கு செய்து, உள்ளே குடம் உடைத்துக் கொள்ளி வைத்ததும் கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். மற்றவர்களும் அப்படியே கலைவார்கள். மயானப் பணியாளருக்கும் பறை வாசிப்பவருக்கும் பேசிய கூலியைக் குறைக்காமல், பெயர் சொல்லி அழைத்து மரியாதையோடு கொடுக்க வேண்டும். வீடு திரும்பிக் குளித்த பிறகு சாப்பிடுவது வழக்கம்.

பல குடும்பங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தோழியை இழந்த பெண்ணும், நண்பரை இழந்த பெண்ணும் வீட்டு வாசலிலேயே விடைகொடுக்க வேண்டியிருக்கும். எடுக்கும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, பெட்டியருகே போதிய நேரம் உட்கார அவர்களுக்கு வழி செய்ய வேண்டும். குடும்பத்துக்கு அறிமுகமில்லாத நண்பர்கள், ‘நான் அவரோட வேலை செஞ்சவ’, ‘கூடப் படிச்சவன்’ என்று சொல்லிக்கொண்டால் தயக்கம் தீரும்.

சமயம் வேறாக இருந்தால்

இசுலாமிய வீட்டில் அடக்கம் தாமதமின்றி நடக்கும். செய்தி கிடைத்தவுடன் கிளம்ப வேண்டும். மாலையும் மேளமும் இல்லை. குளிப்பாட்டிக் கபனிட்ட பிறகு பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை நடக்கும். தொழாதவர்கள் ஓரமாக அமைதியாக நிற்கலாம். கபர்ஸ்தானில் மூன்று கைப்பிடி மண் போடுவது வழக்கம். ஜமாஅத்தார் அனுமதித்தால் பிற சமய நண்பர்களும் போடலாம்.

கிறித்தவ வீட்டில் வீட்டு ஜெபம், ஆலயத்தில் திருப்பலி அல்லது அடக்க ஆராதனை, பிறகு கல்லறைத் தோட்டம் என்ற வரிசையில் நடக்கும். வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயம் விருத்தாசலத்துக்கு அருகில் இருக்கிறது. அதைச் சுற்றிய ஊர்களில் கத்தோலிக்க அடக்கமுறையைக் காணலாம். மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். நற்கருணை வாங்க வரிசையில் போக வேண்டியதில்லை.

போக முடியாதவர்

கடலூர் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு நண்பரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைப்பதில்லை. குடும்பம் சம்மதித்தால் ஒருவர் மட்டும் வீடியோ அழைப்பில் காட்டலாம்; அதைப் பதிவு செய்து பரப்பக் கூடாது. தொலைவில் இருப்பவர் அதே நேரத்தில் தன் அறையில் விளக்கேற்றி, அங்குள்ள ஊர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. அடுத்த விடுமுறையில் முதலில் போக வேண்டிய வீடு அதுதான்.

பள்ளி, கல்லூரி மாணவர் இறந்தால் வகுப்பாசிரியரே மாணவர்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். ‘தூங்கிட்டான்’, ‘ஊருக்குப் போயிட்டான்’ என்று மறைப்பது பிள்ளைகளுக்குப் பயத்தைத்தான் தரும். சாவு வீட்டுக்கு அழைத்துப் போவதானால் அங்கே என்ன பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி, பெற்றோரின் ஒப்புதலும் பெற வேண்டும். வர மறுக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

பால் தெளிப்பிலிருந்து காரியம் வரை

எடுத்த மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பு, பிறகு எட்டாம் நாள் துக்கம், பதினாறாம் நாள் காரியம் என்று பல குடும்பங்களில் நடக்கிறது. சாதிக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப நாள் மாறும். தகனம் செய்தவர்களின் அஸ்தியை விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் கரைப்பது இவ்வட்டார மரபு. விருத்தகாசி என்று பெயர் பெற்ற அவ்வூரைக் காசிக்கு நிகராகவும் அதற்கு மேலாகவும் மக்கள் கருதுகிறார்கள். மாசி மகத்தன்று அந்த ஆற்றில் முன்னோருக்குத் திதி கொடுக்கக் கூட்டம் திரள்கிறது.

திதி கொடுப்பது மகனின் உரிமை. ஆயினும் மகாளய பட்சத் தர்ப்பணத்தில், காருணிக பித்ருக்கள் என்ற பெயரில் ஆசிரியர், நண்பர் முதலியோருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்க இடம் உண்டு. சடங்கில் நம்பிக்கையுள்ள நண்பர், குடும்பத்தாரின் உரிமையில் குறுக்கிடாமல் தன் பங்கை இந்த வழியில் செய்யலாம். நம்பிக்கையில்லாதவர் அன்று நண்பர்களைக் கூட்டி நினைவுகளைப் பேசலாம்.

நண்பர்கள் பணம் திரட்டினால் ஒருவர் பொறுப்பில் கணக்கெழுதி, குடும்பத் தலைவியின் அல்லது தலைவரின் கையில் காரியம் முடிந்த பிறகு கொடுக்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் பணம் சடங்குச் செலவிலேயே கரைந்துவிடும்.

குடும்பத்துக்குத் தேவைப்படும் காகிதங்கள்

பாரி இறந்த பிறகு அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் மணம் பேசப் போனார் என்பது புறநானூற்றுச் செய்தி. நண்பனின் பிள்ளைகளுக்கு வழி தேடுவதே நட்பின் கடமை என்று பழந்தமிழர் கண்டிருந்தார்கள். இன்று அந்தக் கடமையின் பெரும்பகுதி அலுவலகங்களில் இருக்கிறது.

மரணம் எந்த ஊரில் நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். ஜிப்மரில் இறந்தவருக்கு ஸ்ரீமுஷ்ணம் பேரூராட்சியில் சான்றிதழ் கிடைக்காது. ஊராட்சியில், வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. தாமதமானால் கட்டணமும் அனுமதியும் தேவைப்படும். சான்றிதழ் கிடைத்தபின் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்து, ஆண்டுதோறும் 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் என்றால் ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வருங்கால வைப்பு நிதி உள்ள தொழிலாளியாக இருந்தால், அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்க வழி உண்டு. தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் அதையும் கேட்க வேண்டும். சாலை விபத்து இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் 6 மாத வரம்பு வைத்திருப்பதால் வழக்கறிஞரை முன்கூட்டியே பார்க்க வேண்டும். மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் போயிருந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் பெறும் திட்டம் உண்டு.

துக்கம் உடம்பிலும் மனத்திலும்

தூக்கமின்மை, பசியின்மை, நெஞ்சில் கனம், மறதி, எரிச்சல் ஆகியவை முதல் வாரங்களில் வருபவை. பேருந்து நிலையத்தில் அதே சட்டையில் ஒரு முதுகைக் கண்டு அழைக்க வாயெடுப்பதும், மாலையானால் அவர் எண்ணைத் தேடி விரல் போவதும் பைத்தியமன்று. கடும் அதிர்ச்சியால் இதயத் தசை தற்காலிகமாகத் தளரும் டகோட்சுபோ என்ற நோய்நிலையை ஜப்பான் மருத்துவர்கள் 1990இல் விவரித்தார்கள். நடுவயது கடந்த பெண்களிடம் இது அதிகம். எனவே நெஞ்சுவலியையும் மூச்சுத் திணறலையும் துக்கம் என்று ஒதுக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

துக்கம் ஐந்து படிகளில் வரிசையாக ஏறி முடியும் என்று பலர் நம்புகிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்து நிலைகளை எழுதியது மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றி. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் முன்வைத்த விளக்கம் நடைமுறைக்கு நெருக்கமானது: இழப்பை நினைத்து அழும் நேரமும் அன்றாட வேலையில் மூழ்கும் நேரமும் மாறி மாறி வரும், இரண்டும் வேண்டும். சிரித்துவிட்டோமே என்று குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

துக்கத்துக்கு மதுவை மருந்தாக்கக் கூடாது. அது தூக்கத்தைக் கெடுத்துச் சோர்வைக் கூட்டும். வாரத்தில் ஒரு நாள் மற்ற நண்பர்களோடு உட்கார்ந்து இறந்தவரைப் பற்றிப் பேசுவது, கோபத்தில் முடிந்த கடைசிப் பேச்சு உறுத்தினால் சொல்ல விட்டுப்போனதைக் கடிதமாக எழுதுவது ஆகியவை பலருக்கு உதவுகின்றன.

நண்பர் தற்கொலையால் இறந்திருந்தால் ‘நான் கவனித்திருக்க வேண்டும்’ என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் வாட்டும். தற்கொலைக்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கும். ஒரு போன் அழைப்பை எடுக்காததை மட்டும் காரணமாக்க முடியாது. இறந்த விதத்தை விவரித்துப் பரப்பாமல், அதே நட்பு வட்டத்தில் பேச்சு அடங்கிப்போனவர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்து, ‘உனக்கும் அந்த நினைப்பு வருதா?’ என்று நேராகக் கேட்க வேண்டும். ஆம் என்றால் தனியே விடக் கூடாது. அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி மையம் 104 என்ற எண்ணிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

ஆறு மாதத்துக்கு மேலாகியும் வேலை, சாப்பாடு, குடும்பம் எதிலும் மனம் பொருந்தாமல் ஏக்கம் ஒருவரை முழுவதுமாக ஆட்கொண்டிருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை நீடித்த துக்க நோய் என்று கொள்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்ப்பதை யாரும் குறையாக எண்ண வேண்டியதில்லை. சாவு வீட்டுக்குத் தோள் கொடுத்தவருக்கும் தோள் தேவைப்படும் என்பதை அவர் வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.